நிறம்: வெள்ளை

ஷார்ஜா பழைய கார் சந்தையில்
நாளொன்றுக்கு நாற்பது வண்டி எடுப்பேன்.
அதில் முப்பது வெள்ளை.
முல்கியா அட்டையில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்.
வெயிலில் நிறுத்தினால்தான் தெரியும்,
அரிசி வெள்ளை, உப்பு வெள்ளை,
இடித்தபின் பம்பருக்கு மட்டும் அடித்த
பொய் வெள்ளை.

என்னிடம் இரண்டு லென்ஸ்.
ஒன்று கம்பெனி தந்த ஜூம்.
அதற்கு ஊரெல்லாம் ஆஸ்பத்திரி,
நிழல் கண்ட இடத்தில் ஒரு சொட்டு நீலம் விடும்.
மற்றது ஐம்பது மில்லிமீட்டர்.
விசா கேன்சலாகி மணிலா திரும்பிய ரோடெல்
எண்பது திர்ஹம் வாங்கிக்கொண்டு
ரைஸ் குக்கரோடு விட்டுப்போனது.
என்னைவிட மூத்தது.
ஒயிட் பேலன்ஸை வெயிலுக்கே பூட்டிவைக்கிற ஆள் நான்;
இருந்தும் அதன் வழியே பார்த்தால்
உச்சி வேளையிலும் யாரோ
வெளிச்சத்தில் டீ கலக்கியிருப்பார்கள்.

ஜூம் ரிப்பேருக்குப் போன வாரம்
சலாலாவிலிருந்து ஒருவர் வந்தார்,
ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.
கையில் போன், போனில் என் படம்,
எதிரே வண்டி.
மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நான் வாங்க வந்தது இதையல்ல,
இதன் அண்ணனை."
குல் நவாஸ் என் பக்கம் திரும்பவில்லை.
திரும்பாததுதான் அவருடைய திட்டு.

இரவில் லென்ஸைக் கழற்றி வெள்ளைத் தாள்மேல் வைத்தேன்.
தாளில் மஞ்சளாய் ஒரு வட்டம்,
காமாலைக்காரன் கண்.
தேடிப் படித்ததில் தெரிந்தது,
அந்தக் காலத்துக் கண்ணாடியில் தோரியம் கலப்பார்களாம்.
அது உள்ளிருந்தே கதிர்விட்டுக்
கண்ணாடியைப் பழுக்க வைக்குமாம்.

தோரியம்.
எங்கள் மணவாளக்குறிச்சிக் கடலோரக் கறுப்பு மண்ணில் கிடப்பது.
அங்கிருந்து போனதுதானா இது
என்று கேட்க ஆளில்லை.

மருந்து வெயில்தான் என்று எழுதியிருந்தது.
வெயிலுக்கா இங்கே பஞ்சம்.
ஆகஸ்ட் முழுக்க மொட்டை மாடியில்
ஏசிப் பெட்டிகள் மூச்சிரைக்கும் இடத்தில்
அலுமினியத் தாள் விரித்து
அண்ணாந்து படுக்க வைத்தேன்.
உள்ளே கிரீஸ் இளகி
ஃபோகஸ் வளையம் வழுவழுத்துப் போனது.
தினமும் எடுத்துத் தாளில் வைப்பேன்.
டீ. நன்னாரி. இளநீர்.
இருபத்திமூன்றாம் நாள்
தாள் தாளாகவே தெரிந்தது.
அதே வெயில் என் கையை
வாட்ச் பட்டை வரைக்கும் கறுக்கடித்திருந்தது.

இப்போது இரண்டு லென்ஸும்
ஏறத்தாழ ஒரே வெள்ளை சொல்கின்றன.
குல் நவாஸ் மறுபடி பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை
ஐம்பதைப் போட்டு அறையை எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.
கட்டில், சுவர், ஜன்னல் கம்பியில் பனியன்,
கண்ணாடியில் பாதி நான்.
ஏழு வருஷமாய் அனுப்பும் அதே படம்.
தங்கபுஷ்பம் உடனே கூப்பிட்டாள்.
"ரூம் மாத்தியாச்சா? சொல்லவே இல்லியே."
அதே ரூம்தான் என்றேன்.
"அது சந்தனக் கலர் சுவரில்லா."
பிறகு சத்தமில்லை.
விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.
அவள் கணக்கில் இத்தனை வருஷமும் நான்
விளக்கேற்றும் நேரத்துக்குள் குடியிருந்திருக்கிறேன்.

இது சுண்ணாம்பு வெள்ளை, புள்ள.
எப்பவும் இதுதான்.

"அப்போ நான் அடிச்சது?" என்றாள்.
புதுவீட்டு முன்னறைக்கு
போன மாசம்தான் பெயிண்ட் அடித்தாளாம்,
கடைக்காரனிடம் என் படத்தைக் காட்டி,
ஏழெட்டு அட்டையைப் புரட்டிப் பார்த்து,
நான் வந்து இறங்கினால்
பழகின சுவராய் இருக்கட்டும் என்று.

டப்பா இருக்கா, பார் என்றேன்.
மாடிப்படிக்கு அடியில் உருட்டித் தேடினாள்.
மூடியில் நம்பர் பாதி அழிந்திருந்தது.
நாலா, ஒன்பதா
என்று இரண்டு பேரும் சண்டை போட்டு
ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

ரோலாவில் கிடைக்கும்.
பங்களாதேஷ்காரர் மேல்கட்டில்காரரிடம் மட்டும்
ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.